மாடிக்குப் போகும் கோட்டுக்காரர்

"இன்னிக்கும் வந்துட்டாரு" என்றார் பூட்டு, ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்தியபடி.

பூட்டு என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். பூட்டு, சாவி ரிப்பேர் கடை வைத்திருப்பவரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும்.

வந்தவர் கோட்டுப் போட்டவர். கையில் தோல் பை. நாலாவது சனிக்கிழமையாக, சரியாக ஒன்பது மணிக்கு, பூட்டின் வாசலைத் திரும்பியும் பார்க்காமல் மாடியேறினார். மாடியில் இருப்பது பூட்டின் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். அவருக்குச் சம்பளம் அதிகம், தலையில் முடி அதிகம், போதாக்குறைக்கு வாசலில் புதுக் கார். போன வருஷம் கீழ் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பூட்டுக்கு வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை.

"அவனைத் தேடி கோட்டு வருது. என்னைத் தேடி சாவியைத் தொலைச்சவன்தான் வர்றான்."

"கார் கடன் பாக்கியா இருக்கும்" என்றாள் மனைவி.

அவள் வாய்க்குச் சர்க்கரை போடலாம்போல இருந்தது. கோட்டுக்காரர் இறங்கி வந்ததும் பூட்டு பாய்ந்து போய் மறித்தார்.

"சார், மாடிக்காரர் ஏதாச்சும் பாக்கி வச்சிருக்காரா?"

"சேச்சே, தங்கமான மனுஷர். அவர்மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க."

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

"ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாதுங்க. சட்டம் அப்படி."

சட்டமே காவல் நிற்கிற ரகசியமா? பூட்டுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சகலையையே மாடிப்படியில் பிடித்தார்.

"யாரு சகல அந்தக் கோட்டு?"

சகலையின் முகம் மாறியது. "வேணாம் சகல. சொன்னா உங்களுக்குத் தூக்கம் போயிடும். அவர் வர்ற நேரத்துல தலை காட்டாம இருங்க, அது போதும்."

"பாத்தியா" என்று மனைவியிடம் வந்து பொருமினார் பூட்டு. "என்னைப் பாத்தா அந்தாளு என் பக்கம் சாஞ்சிடுவாருன்னு பயம் அவனுக்கு."

"அவர் சொன்னா காரணம் இருக்கும். பேசாம இருங்க."

பேசாமல் இருப்பதா? அடுத்த சனிக்கிழமை, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டார். மாடிப்படிக்குக் குறுக்கே நாற்காலி போட்டார். டீ, பிஸ்கட் எல்லாம் தயார். வழி இல்லாததால் கோட்டுக்காரரும் உட்கார்ந்தார்.

"நானும் லேசுப்பட்ட ஆள் இல்லீங்க. மாடிக்காரனுக்கு முன்னாடியே கார் வாங்கினவன்."

அது பொய்யில்லை. சகலை கார் பார்க்கிறார் என்று காதில் விழுந்த மறுநாளே முந்திக்கொண்டு, தவணையில் ஒரு பழைய காரை வாங்கியவர்தான். கடன் விண்ணப்பத்தில் 'தெரிந்தவர் ஒருவர்' என்று கேட்டிருந்த இடத்தில் சகலையின் பெயரை எழுதியதும், அவருக்கும் விஷயம் போய் வயிறு எரியட்டும் என்றுதான். அந்தக் கார் தெருவில் ஓடியதைவிட மெக்கானிக்கிடம் படுத்திருந்ததே அதிகம். மூன்று தவணை கட்டினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கிடந்த கார் கடையின் வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். சாவி கைமாறினால் சங்கதி முடிந்தது என்பது பூட்டுக் கடை நியாயம்.

"இப்ப அந்தக் கார் எங்கங்க?"

"எனக்குப் பிடிக்கல. வாங்கின எடத்துலயே விட்டெறிஞ்சுட்டு வந்துட்டேன்."

கோட்டுக்காரரின் டீ பாதி வழியில் நின்றது. "எப்பங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"உங்க பேரைத் தெரிஞ்சிக்கலாமா?"

கோட்டுப் போட்ட ஒருவர் அவர் பெயரைக் கேட்பது வாழ்க்கையிலேயே முதல் தடவை. பூட்டு இனிஷியலோடு, அப்பா பெயரோடு சொன்னார். நம்பாமல் போய்விடப் போகிறாரே என்று அடையாள அட்டையையும் எடுத்து நீட்டினார். கோட்டுக்காரர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ரெண்டு தடவை ஒத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, ரெண்டு கையாலும் பூட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

சகலை பனியனோடு தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். "சகல, ஒண்ணும் பேசாதீங்க. உள்ள போங்க."

"பாருங்க சார், எனக்கு ஒரு மரியாதை கிடைச்சா இவருக்குப் பொறுக்காது. பொறாமை."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் கோட்டுக்காரர். "உங்க காரை வித்தும் அடையாத கடனுக்கு, உங்களைத் தேடி ஒவ்வொரு சனிக்கிழமையும் வர்றேன். அப்படி ஒரு ஆளையே தெரியாதுன்னு இவருதான் ஒத்தைக் கால்ல நின்னாரு."