இதுல ஜாதிக்குட்டி எது?

"ஏ புள்ள, இதுல ஜாதிக்குட்டி எது?" என்றார் வேலுச்சாமி.

மகள் பொன்மணி இரண்டு நாய்க்குட்டிகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். "தெரியலப்பா."

ஒன்று, நாய்ப் பண்ணைக்காரர் கருப்பணன் கொடுத்த சுத்த ராஜபாளையம், பால் வெள்ளை. மற்றது, பஸ் ஸ்டாப்பிலிருந்து பொன்மணி பின்னாலேயே வந்த செவலைத் திட்டு விழுந்த கிராஸ், கலப்புக் குட்டி. ஒன்றுக்குத்தான் சோறு என்று மனைவி சண்முகத்தாய் கறாராகச் சொல்லிவிட்டாள். கிராஸை இன்று வெம்பக்கோட்டை அணைப்பக்கம் விட வேண்டும். பொன்மணி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

இந்த லட்சணத்தில், வேலுச்சாமி வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கும்போது போடும் சட்டையில் இரண்டும் உருண்டு புரண்டிருந்தன. அலுமினியப் பொடி. வெள்ளிக் கவசம் சாத்தியதுபோல இரண்டும் ஒன்றாக மின்னின.

"குளிப்பாட்டுனா தெரிஞ்சிரும்" என்று சண்முகத்தாய் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். குட்டிகள் இன்னும் பளபளத்தன. இப்போது அவளும் வெள்ளி.

வேலுச்சாமி பெட்டிக்கடைக்கு ஓடி, ஒரு ரூபாய் போனில் கருப்பணனைப் பிடித்தார்.

"மூக்கு ரோஸா இருந்தா நம்ம குட்டி. எதுக்கும் இருளாண்டிய அனுப்புதேன். குட்டிகள வளத்தவன் அவன்தான்."

வந்து பார்த்தால் மூக்கும் வெள்ளி.

"ஜாதி நாய் வெடிக்குப் பயப்படாதாம்ல" என்றாள் சண்முகத்தாய்.

ஒரு வெடியைக் கொளுத்தினார். தினமும் கம்பெனிச் சத்தத்தில் தூங்குகிற குட்டிகள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேவல்தான் ஓட்டில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. சேவலுக்குச் சொந்தக்காரி பேச்சியம்மாள் வாசலில் நின்று வைய ஆரம்பித்தாள்.

"ஜாதி நாய் பழைய சோறு தொடாது" என்றாள் சண்முகத்தாய் அடுத்து.

இரண்டும் சட்டியைக் கவிழ்த்து நக்கின.

"ஏதாச்சும் ஒண்ணக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க!"

"அது ஜாதியா இருந்துட்டா?"

"அப்ப மத்தத விடுங்க."

"அது ஜாதியா இருந்துட்டா?"

பொன்மணி ஓவென்று அழுதாள். பிள்ளை அழுதால் வேலுச்சாமிக்குத் தாங்காது. அவருக்கும் கண் கலங்கியது.

நல்லவேளையாக இருளாண்டியின் சைக்கிள் வந்து நின்றது. வேலுச்சாமி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இதுல எது ஒங்க பண்ணைக் குட்டி? சட்டுனு சொல்லுங்க!"

இருளாண்டி இரண்டையும் தூக்கிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ரெண்டுமே எங்க குட்டிதான் தம்பி, ஒரே ஈத்துல பொறந்ததுக. ஒண்ண நீங்க கேட்டு வாங்குனீக. மிச்சம் கெடந்த திட்டுக் குட்டியக் கேக்க ஆளில்லைன்னு, நான்தான் போன வாரம் ஒங்க பஸ் ஸ்டாப்புல விட்டுட்டுப் போனேன்."