மோர்ச்சோற்றில் இருபது சொட்டு

என் உடம்புக்கு இனி நானே வைத்தியன். முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம், திருச்செங்கோட்டுக்குப் போகும் மாட்டு வண்டியில் இந்தத் தீர்மானத்துக்கு வந்தேன். வண்டியில் மனைவி சென்னியம்மாள் இல்லை. அவள் இல்லாத இடத்தில்தான் எனக்குத் தீர்மானங்கள் வரும்.

எனக்கு இரண்டு நோய். ஒன்று, குடலை முறுக்கிப் பிடிக்கும் வலி. வந்தால் பத்து ஏக்கர் தோட்டக்காரன் தரையில் சுருண்டு கிடப்பேன். இன்னொன்று பலவீனமான இருதயம். அதைச் சேலத்து டாக்டர் குழாய் வைத்துக் கண்டுபிடித்தார். அதோடு நிற்காமல், வலிக்குக் கேட்ட ஒரே மருந்தான பெல்லடோனாவையும் தடுத்துவிட்டார். "குடல் இளகும். ஆனால் வாய் காயும், கண் மங்கும், நெஞ்சு படபடக்கும். இந்த இருதயம் அந்த ஓட்டத்தைத் தாங்காது" என்றார். என்னிடம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சென்னியம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

வலிப்பது வயிறு. நெஞ்சு சும்மா இருக்கிறது. சும்மா இருப்பவனுக்குப் பயந்து, அடிக்கிறவனிடம் அடி வாங்குவானேன்? பழைய மருந்துச் சீட்டைக் காட்டித் திருச்செங்கோட்டில் ஒரு பாட்டில் வாங்கினேன். பருத்தி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். முதல் நாள் பத்துச் சொட்டு. வயிறு அடங்கியது. நெஞ்சு அடித்த அடியில் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை யாரிடம் சொல்வது?

மறுநாள் மத்தியானம் மறுபடி வலி. சென்னியம்மாள் உள்ளே போன சமயம் மோர்ச்சோற்றில் இருபது சொட்டு விட்டேன். இரண்டு வாய் உண்டதும் கிணற்று மேடு ஞாபகம் வந்தது. மீதி இறங்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவி, முகம் கழுவி, அரை நாழிகை கழித்துத் திரும்பினேன். சென்னியம்மாள் என் இலையை வழித்துக்கொண்டிருந்தாள்.

இருபது வருஷ வழக்கம். நான் உண்டு எழுந்த இலையில்தான் அவள் உண்பாள். அது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

"ஏ புள்ள, அந்த மோர்ச்சோறு?"

"உண்டாச்சுங்க."

"முழுசுமா?"

"உங்க இலைச் சோத்த என்னைக்குங்க மிச்சம் வெச்சேன்?"

"வாய் காயுதா?"

சப்புக்கொட்டிப் பார்த்தாள். "ஆமாங்க, காயுதுங்க."

"கண்ணு?"

"மங்குதுங்க. நீங்க ரெண்டு பேராத் தெரியறீங்க. ஒருத்தரையே மேய்க்க முடியலீங்க."

"நெஞ்சு?"

"படபடங்குதுங்க மாமா. ஏனுங்க கேக்கறீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதேன். அவள் இல்லாத வீட்டை அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டேன். பாட்டிலைக் கல்லில் அடித்து உடைத்தேன். வண்டி பூட்ட ஓடினேன்.

"ஓடாதீங்க, நெஞ்சுக்கு ஆகாது!" கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. பாட்டில் தக்கைய இலைக்குப் பக்கத்துலயே உட்டுட்டுப் போனீங்க. அந்தச் சோத்தக் குழி நோண்டிப் பொதச்சுட்டு, வேற சோறு போட்டுத்தானுங்க உண்டேன்."

"அப்புறம் வாய் காயுதுன்னு சொன்னே?"

"நேத்து கெணத்து மேட்டுல நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. அதப் பாத்ததுல இருந்து காஞ்சுதானுங்க கெடக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இப்போது வலிக்கு வெந்நீர் ஒத்தடம்தான். சாப்பாட்டில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். முதலில் சென்னியம்மாள் உண்கிறாள். அவள் எழுந்த இலையில் நான்.