இருபத்து மூன்றாம் எண்ணுக்கு ஆளை மாற்றவும்

சிவன்மலை ஆண்டவர் துணை

அனுப்பர்பாளையம், திருப்பூர்
வியாழக்கிழமை

மூலனூரில் இருக்கும் மாப்பிள்ளை அருள்செல்வனுக்கு, உன் அக்காள் ஜெயபாரதியைக் கட்டிய கந்தவேல் எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அக்காளும் இங்கே சுகம். அங்கே நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும், முருங்கைக்காய் மண்டிக்கு வரத்து நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இந்த வேண்டுதல் உறவுமுறைக்காகச் செய்தது. இனி எழுதப்போவதுதான் மனசில் இருப்பது.

இந்தக் காலத்தில் மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நீ கேட்க மாட்டாய். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நம் 'எட்டுத்துளை' புல்லாங்குழல் குழுவிலிருந்து என்னை நீக்கியது நீதான். அன்றிலிருந்து போன் அடித்தால் எடுப்பதில்லை. மண்டிக்கு அடித்தால் அங்கே இருக்கிற ஆள், "அண்ணன் லோடு ஏத்தப் போயிருக்காருங்க" என்கிறார். அவர் பின்னாலேயே நீ இருமுவது கேட்கிறது. உன் இருமல் எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? சத்தத்தைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவேன் நான். என்னிடமா இந்த வேலை?

இருபது வருஷம் முன்னால், மூலனூரில் ஒரே ஒரு பிரௌசிங் சென்டர் இருந்த காலத்தில், ஊருக்கு ஒருவராகத் தனியாக உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதுகிற ஆட்களை இன்டர்நெட்டில் ஒன்று சேர்க்கப்போகிறேன் என்று நீ ஆரம்பித்தாயே, அப்போது வந்து சேர்ந்தது யார்? நான். முதல் ஒரு வருஷம் நீ கேள்வி கேட்பாய், நான் பதில் எழுதுவேன், அதற்கு நீ நன்றி எழுதுவாய். மூன்றாவதாக ஒரு ஈ காக்கை கிடையாது. பிறகு மதுரை, பினாங்கு, டொராண்டோ என்று நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்து களைகட்டிய நேரத்தில் அந்த வெப்சைட்டையே ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். அத்தனை பேர் விலாசத்தையும் செக்கிங் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தவன் யார்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிப் புது இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் யார்? அந்த ஆளைத்தான் இருபதாம் ஆண்டு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாய். நன்றாக இரு.

நான் செய்த குற்றம் என்ன? நீ சொன்ன வேலையைச் செய்தேன். விழாவுக்காக நாற்பத்தொரு பேர் அவரவர் வீட்டில் ஒரு நிமிஷம் மோகன ராகம் வாசித்துப் பதிந்து அனுப்ப வேண்டும், குழு வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிற நம் நதியா அதையெல்லாம் கோத்து ஒரே ஒலிமாலையாக்க வேண்டும் என்பது உன் ஏற்பாடு. எல்லாம் வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் செய்து, "மச்சான், எதுக்கும் நீங்க ஒருக்கா காது குடுத்துப் போடுங்க. உங்க காது தப்பாதுங்க" என்று சொன்னது நீ. முப்பத்தொரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜாக இருந்தவனிடம் 'ஒருக்கா பார்' என்றால் அவன் என்ன செய்வான்? பார்ப்பான். செக்கிங் டேபிளுக்கு வருகிற பீஸில் தைத்தவர் பெயர் இருக்காது. இருந்தால் கைக்கு முன்னால் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அதனால் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் நம்பர் போட்டு அனுப்பம்மா என்று நதியாவிடம் சொன்னேன். என்னுடையதும் அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. ஆடி மாசமே போனில் பதிந்து அனுப்பிவிட்டேன், அனுப்பியதோடு சரி, திரும்ப ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு எந்த நம்பர் என்று அந்தப் பெண்ணிடம் விசாரிக்கவும் இல்லை. விசாரிக்க அவசியமும் இல்லாமல் போயிற்று. ஏழாம் எண்ணைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. மூச்சு அப்படியே நூல் பிடித்த மாதிரி போகிறது, ஒரு சொட்டு அழுக்கு இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு உன் அக்காளைக் கூப்பிட்டு, "கேள், இதுதான் வாசிப்பு" என்று சத்தமாகப் போட்டுக் காட்டினேன். "நம்மாளு ஆச்சேங்க, நல்லாத்தான இருக்கும்" என்றாள். அடக்கமாக இருந்துவிட்டேன்.

மற்றதையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டேன். பனியனுக்குப் பார்க்கிற நாலும்தான் இதற்கும் பார்த்தேன். ஓட்டை என்றால் மூச்சு வாங்குகிற இடத்தில் விட்டுப்போவது. கறை என்றால் பின்னால் கேட்கிற வேண்டாத சத்தம். அளவு என்றால் ஒரு நிமிஷத்துக்கு மேல் இரண்டு விநாடி வரை விடுவேன், மூன்றாவது விநாடிக்கு விடமாட்டேன். ஷேடு என்றால் ஆரம்பித்த சுருதி ஒன்றும் முடித்த சுருதி வேறொன்றுமாக இருப்பது. முடிவு: பாஸ் மூன்று, திருத்தித் தர வேண்டிய ஆல்டர் பதினான்கு, ரிஜெக்ட் இருபத்து நான்கு. ரிப்போர்ட் எழுதிப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஏன் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் போட்டீர்கள் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். கம்பெனியில் ரிப்போர்ட்டை எங்கே மாட்டுவோம்? லைனில், தைக்கிறவர்கள் கண்ணுக்கு எதிரே. ஒளித்து வைப்பதற்கு அது என்ன ஜாதகமா? அவரவர் நம்பரை அவரவரிடம் நதியா முன்னாடியே சொல்லி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே. டொராண்டோ சுப்புலட்சுமி அம்மாளுக்கு ஒன்பதாம் எண். 'ஓட்டை நான்கு' என்று போட்டிருந்தேன். எனக்கு ஆஸ்துமா என்று எழுதினார். நான் காரணம் கேட்கவில்லை, ஓட்டையைத்தான் எண்ணினேன் என்று மரியாதையாகப் பதில் எழுதினேன். அதற்கு இருபத்தாறு பேர் அழுகிற பொம்மை போடுகிறார்கள். மடத்துக்குளம் பெரியகருப்பன் இருக்கிறாரே, ரிட்டையர் ஆன போஸ்ட்மேன், அவருக்கு முப்பத்தொன்று. 'கறை: ஆடு, மூன்று இடத்தில்' என்று எழுதியிருந்தேன். மனுஷன் திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி நேரே என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. "ஆட்ட ஊர்லயே கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். இப்பக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கேட் அருகில் நின்றபடியே குழலை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வீதியில் போகிறவர்கள் எல்லாம் நின்று, யாரோ வேண்டுதலுக்கு வாசிக்கிறார் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு நிமிஷம் பொறுமையாகக் கேட்டேன். த்சு, ஆடு போய்விட்டது, அளவு நாலு விநாடி கூடுதல், ரிஜெக்ட் ரிஜெக்ட்தான் என்றேன். அதற்குள் உன் அக்காள் வந்து, "நல்லா வாசிக்கறீங்கண்ணா, வாங்க, வந்து சாப்புடுங்க" என்று அவரை உட்கார வைத்து மூன்று தோசை போட்டாள். இன்சார்ஜ் வீட்டிலேயே ரிஜெக்ட் ஆன சரக்குக்குத் தோசை போட்டால் இன்சார்ஜுக்கு வெளியே என்ன மரியாதை இருக்கும்? சொல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்த இருபத்து மூன்றாம் எண். என் சர்வீஸில் அப்படி ஒரு பீஸ் பார்த்ததில்லை மாப்பிள்ளை. பத்தாவது விநாடியில் குக்கர் விசில் அடிக்கிறது. நாற்பதாவதில் இன்னொரு விசில். ப-விலிருந்து க-வுக்கு இறங்கும்போது மோகனத்தில் இல்லவே இல்லாத ம-வைத் தொட்டுவிட்டு, தொடாதவர் மாதிரி கமுக்கமாகப் போகிறார். மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் விட்டுப்போகிறது, முடிக்கும்போது சுருதி இறங்கிவிட்டது, நீளம் ஒரு நிமிஷம் பதினான்கு விநாடி. எல்லாம் முடிந்த பிறகு, வாசித்தது தனக்கே பிடிக்காமல் நாக்கைத் தட்டிச் சலித்துக்கொள்கிற சத்தம் வேறு. ஓட்டை, கறை, அளவு, ஷேடு நாலும் ஒரே பீஸில். எங்கள் செக்ஷனில் இப்படி வந்தால் ஒரே வாக்கியம்தான் எழுதுவோம், அதைத்தான் எழுதினேன்: 'ஆளை மாற்றவும்.' என் தீர்ப்பில் ஏதாவது தப்பு இருக்குமோ என்று நான்கு நாளாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உன் அக்காள்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதையே எத்தன வாட்டிங்க கேப்பீங்க, அவ்ளோ புடிச்சுப் போச்சுங்களா?" என்று கிண்டல் செய்தாள்.

ரிப்போர்ட் போட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நதியா போன் செய்கிறது. அந்தப் பெண் தூத்துக்குடிப் பக்கம், பேச்சு பதமாக இருக்கும். "அண்ணாச்சி, மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம். இருபத்திமூணை மட்டும் விட்ருங்களேன்" என்கிறது. ஏன், அவர் என்ன பெரிய கலெக்டரா என்றேன். "அவுக இல்லன்னா இந்தக் குரூப்பே இல்ல அண்ணாச்சி. மனசு ஒடஞ்சு போயிருவாக" என்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆஸ்துமாக்காரம்மாளுக்கு ஒரு நியாயம், ஆடு வளர்க்கிறவருக்கு ஒரு நியாயம், குரூப்பின் பெரிய மனுஷனுக்கு வேறொரு நியாயமா? ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பதினொன்று ஒன்பதுக்குக் குழுவில் எழுதினேன்: இருபத்து மூன்று யார்? எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லவும். மறு நிமிஷம் நான் குழுவில் இல்லை.

இப்போது நான் சொல்கிறேன், நீ மறுக்காதே. அந்த இருபத்து மூன்று நீதான். யார் இல்லாவிட்டால் குரூப் இல்லை? ஆரம்பித்தவன் இல்லாவிட்டால். பெயரைக் கேட்டதும் பதறியடித்து என்னை வெளியே தள்ளியது யார்? போனை எடுக்காமல் மண்டிக்குள் ஒளிந்துகொண்டு இருமுவது யார்? சின்ன வயசில் உனக்குக் குழல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பாவத்துக்கு நான் அனுபவிக்கிறேன். தப்பாக வாசித்ததுகூடப் பரவாயில்லை, யாருக்கும் வருவதுதான். அதை மறைக்க நதியாவைத் தூது விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே இருபத்து மூன்றை ஒலிமாலையிலிருந்து எடுத்துவிடு. என்னைக் குழுவில் திரும்பச் சேர்த்து, நடந்ததற்கு எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உலகத்திலிருக்கிற அத்தனை பேரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், நான் மட்டும் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? இருபது வருஷமாக அந்தக் குழுவைத் திறந்து பார்க்காமல் காலைக் காபி குடித்ததில்லை நான். மூன்று நாளாகப் போனைத் திறக்கிறேன், பார்க்க ஒன்றும் இல்லை, திரும்ப மூடி வைக்கிறேன். ரிட்டையர் ஆன மறுநாள்கூட இப்படி இருந்ததில்லை. அழுகை வருகிறது என்று எழுத மாட்டேன். ஆனால் வருகிறது.

நீயும் உன் வீட்டிலுள்ளவர்களும் நோய் நொடி இல்லாமல், நிறைந்த வியாபாரத்தோடு நூறு வயசு இருக்க சிவன்மலை ஆண்டவர் அருளட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
செ. கந்தவேல்
செக்கிங் இன்சார்ஜ் (ஓய்வு)

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் விலாசம் சரியா என்று பார்க்க உன் அக்காளிடம் கொடுத்தேன். அவள் விலாசத்தை விட்டுவிட்டு முழுசையும் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, "ஏனுங்க, இருபத்திமூணு ஆருன்னு நெசமாவே தெரியலீங்களா?" என்றாள். தெரியும், உன் தம்பி என்றேன். "எம்பட தம்பி ஏழாம் நெம்பருங்க. அன்னைக்கே கேட்டதும் சொன்னனே, நம்மாளுன்னு" என்றாள். அப்படியானால் இருபத்து மூன்று யார் என்றேன். "அந்தக் குக்கர் நம்முளுதுங்க. பருப்பு வெச்சிருந்தேன். ரெண்டாவது விசிலுக்கு வாசிச்சுட்டே என்னையப் பாத்து மொறைச்சீங்க. கடைசில நாக்கத் தட்டறீங்க பாருங்க, அத முப்பத்தஞ்சு வருசமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? நாலு நாளா உங்களுதையே போட்டுப் போட்டுக் கேக்கறீங்களே, ரொம்பப் புடிச்சுப் போச்சாட்ட இருக்குதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்" என்றாள்.

மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த ம வருகிற இடத்தில் என் விரல் தானாக அசைந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். பெயரைச் சொல் என்று நான் கேட்ட மறு நிமிஷம் நீ ஏன் என்னை வெளியே தள்ளினாய் என்பதும், ஏன் போனை எடுக்காமல் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. நதியா யாரைச் சொன்னது என்பதும்.

இருந்தாலும் ரிஜெக்ட் ரிஜெக்ட்தானே, ஒரு நியாயம் இல்லையா என்று உன் அக்காளிடம் கேட்டேன். "உங்க மேல கெடக்கற பனியனே ரிஜெக்ட் பீஸுங்க. கம்பெனில குடுத்தத வருசக்கணக்காப் போடறீங்க. என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். குனிந்து பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே அந்தக் காலத்தில் நானே பேனாவால் வட்டம் போட்ட ஓட்டை அப்படியே இருக்கிறது. ஒன்றும் பெரிசாகவில்லை.

ஆகவே நாற்பத்தொன்றும் பாஸ். சுப்புலட்சுமி அம்மாளுக்கும் பெரியகருப்பனுக்கும் நானே எழுதிக்கொள்கிறேன். மேலே உன்னைத் திட்டியதையெல்லாம் கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு எழுதியாகிவிட்டது, மனசு வரவில்லை. நாளைக் காலை மூலனூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் என்னைச் சேர்த்துவிடு. உனக்கும் ஆசிகள் உண்டு, மேலே விட்டுப்போனது.

இருபத்து மூன்றில் அந்த இரண்டு விசிலை மட்டும் நதியாவிடம் சொல்லி வெட்டிவிடலாம் என்று இருந்தேன். விசில் தன்னுடைய பங்கு, அதில் கை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை சோறு கிடையாது என்கிறாள் உன் அக்காள். இருக்கட்டும்.