கடைசிக் கோழி உருண்டை

முதலில் தப்பு செய்தவன் ஸ்டூரே. இதை யாரும் மறந்துவிடக் கூடாது. ஹில்டிங் மறக்கவில்லை. முப்பத்தோரு வருஷமாக மறக்கவில்லை.

ஸ்டூரே, ஹில்டிங்கின் மனைவி குன்வோரின் அண்ணன். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூரே வீட்டில் சாப்பாடு. கோழிக்கறி உருண்டை, க்ரீம் குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு, புளிப்பான லிங்கன் பழ ஜாம். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது பாத்திரத்தில் ஒரே ஒரு உருண்டை மிச்சம். அவர்கள் ஊரான சுண்ட்ஸ்வால் பக்கத்தில் கடைசி உருண்டையைக் கூசாமல் எடுப்பவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டுவார். அடுத்தவர் பாதியில் பாதி வெட்டுவார். பட்டாணி அளவுக்கு வந்தபிறகும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று வெட்டு ஆரம்பிக்கும் முன்பே ஸ்டூரே தன் புதுப் படகைக் காட்ட எல்லோரையும் வெளியே கூட்டிப் போனான். திரும்பி வந்தால் பாத்திரம் காலி.

"மாப்ளே, உன் டையில என்ன வெள்ளையா?" என்றான் ஸ்டூரே.

ஹில்டிங் குனிந்து பார்த்தான். க்ரீம்! குன்வோர் கடைசியாகத்தான் படகுப் பக்கம் வந்தாள். வந்ததும் வராததுமாக 'கோணலா இருக்கு' என்று அந்த டையை இழுத்துச் சரிசெய்தாள். அவள் கண்ணில்கூடப் படாத கறை எங்கிருந்து முளைத்தது?

அன்றிலிருந்து அவன் பெயர் 'கடைசி உருண்டை'. மரலாரி ஓட்டி ஓய்வு பெற்ற நாளில் ஸ்டூரே அனுப்பிய வாழ்த்து அட்டையிலும் அதே பெயர்தான். ஹில்டிங் கேட்பது பெரிய சொத்து ஒன்றுமில்லை. ஒரே ஒரு மன்னிப்பு. எடுத்தவன் ஸ்டூரேதான் என்பது அவன் தீர்மானம். எல்லோரும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதைப் பார்க்கத் தேவையில்லாதவன் படகின் சொந்தக்காரன் ஒருத்தன்தானே!

"இந்த ஞாயித்துக்கிழமை உருண்டை நான் பிடிக்கிறேன்" என்று ஒருநாள் ஹில்டிங் அறிவித்தான்.

குன்வோர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "ஏன்யா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணனையும் அண்ணியையும் வரச் சொல்லு."

"நீயா ஸ்டூரேயைக் கூப்பிடுற? அப்ப நிச்சயமா ஏதோ பண்ணுது."

ஞாயிறு காலை வேலை நடந்தது. ரொட்டித் தூளைப் பாலில் ஊறவைத்து, அரைத்த கோழிக்கறியோடு முட்டையும் வெங்காயமும் போட்டுப் பிசைந்தான். கை முழுக்க ஒட்டியது. கதவுப்பிடியிலும் ஒட்டியது. நாற்பத்தோரு உருண்டை பிடித்தான். நாற்பத்திரண்டாவதுதான் வேட்டு. முள்ளங்கிக்கு முரட்டு அண்ணன் மாதிரி ஒரு கிழங்கு உண்டு. துருவினாலே மூளைக்குள் ஆணி அடிக்கும். அதைக் கைப்பிடி துருவி உள்ளே அடைத்தான். மாட்டுக்கறியாக இருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். கோழியும் வெள்ளை, கிழங்கும் வெள்ளை. எல்லாவற்றையும் பொரித்துக் குழம்பில் போட்டு, வேட்டு உருண்டையை மட்டும் ஓரமாக வைத்து, அதன் தலையில் ஒரு பார்ஸ்லி இலையைச் செருகினான். அதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். பிறகு எல்லோரையும் வெளியே கூட்டிப் போக வேண்டும். திருடன் திரும்பத் திருடுவான். இந்த முறை இருமுவான்.

விருந்தாளிகள் வந்தார்கள். குன்வோர் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஹில்டிங் எண்ணிப் பார்த்தான். நாற்பத்திரண்டு உருண்டை. நாற்பத்திரண்டு இலை.

"இதென்னடி இது?"

"ஒண்ணுல மட்டும் இலை இருந்துச்சு. பாவமா இருந்துது. எல்லாத்துக்கும் வச்சேன்."

கரண்டியும் அவள் கையில். எது யார் தட்டில் விழுகிறது என்றே அவனுக்குப் புரியவில்லை. ஸ்டூரேயின் மனைவி உல்லா கடித்தாள். ஹில்டிங் மூச்சைப் பிடித்தான். ஸ்டூரே கடித்தான், ஹில்டிங் நாற்காலி விளிம்பைப் பிடித்தான்.

"அண்ணே, நீங்க சாப்பிடலையா?" என்றாள் உல்லா. "உருளைக்கிழங்கையே சுத்திச் சுத்தி வர்றீங்க!"

"சமைச்சவனுக்குப் பசிக்காதும்மா."

"பசிக்காதா?" என்றான் ஸ்டூரே. "கடைசி ஒண்ணுக்காக வயித்துல இடம் வச்சிருப்பான்."

உருண்டைகள் குறைந்தன. பத்து. நாலு. ஒன்று. யாரும் இருமவில்லை. அப்படியானால் மிச்சமிருப்பது அதுவேதான்! ஹில்டிங் துள்ளி எழுந்தான்.

"வாங்க, என் விறகு அடுக்கைப் பாருங்க!"

"இந்தக் குளிர்லயா?" என்றாள் உல்லா.

"எனக்கு முட்டி வலி" என்றான் ஸ்டூரே. "நான் இங்கேயே இருக்கேன்."

அதைத்தான் ஹில்டிங் எதிர்பார்த்தான். பெண்களை இருபது நிமிஷம் விறகு முன்னால் நிறுத்தினான். இது பிர்ச் மரம், இது பைன் மரம், இதுவும் பைன் மரம்தான். பனியில் உல்லாவின் மூக்கு சிவந்தபிறகுதான் விட்டான். உள்ளே ஓடினான்.

உருண்டை அப்படியே இருந்தது. ஸ்டூரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ளே அப்படிப் பார்க்கிற? அடுத்தவன் வீட்டுல கடைசி உருண்டையை எடுக்கிற ஆளு நான் இல்ல."

குன்வோர் அதைக் கரண்டியில் எடுத்து ஹில்டிங்கின் தட்டில் வைத்தாள். "நீதான் ஒண்ணுகூடச் சாப்பிடல. காலையிலிருந்து உழைச்சிருக்க. சாப்பிடு."

"பாதி மச்சானுக்கு..."

"முழுசா எடுத்துக்க" என்றான் ஸ்டூரே. "உனக்குப் பழக்கம்தானே!"

ஆறு கண்கள் பார்த்தன. வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் போச்சு. வாயில் போட்டான்.

மெல்ல மெல்ல மூக்கின் வழியாக ஒரு லாரி ஏறி நெற்றியில் முட்டி நின்றது. கண்ணீர் கொட்டியது. மூக்கும் கொட்டியது.

"ஐயையோ, அண்ணன் அழறாரு!" என்றாள் உல்லா.

ஸ்டூரே வலித்த முட்டியோடு எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். "இத்தனை வருஷம் மனசுல வச்சுப் புழுங்கியிருக்கியே மாப்ளே! அந்த உருண்டையை எடுத்தது நீதான்னு ஒத்துக்கிற, இல்ல?"

இல்லை என்று கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. இருமலில் தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

"மன்னிச்சுட்டேன்" என்றான் ஸ்டூரே. அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அவர்கள் போனபிறகு குன்வோர் பாத்திரத்தில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து நக்கினாள்.

"குழம்பு நல்லா வந்திருக்குய்யா. அன்னைக்கு அண்ணி வச்சது இவ்வளவு ருசி இல்ல. அந்தக் கடைசி உருண்டை ஆறி வேற போச்சு."

ஹில்டிங் தட்டைக் கீழே வைத்தான். "எந்தக் கடைசி உருண்டை?"

"நீங்கல்லாம் படகு பார்க்கப் போனீங்களே, அப்ப."

"நீயா? இத்தனை வருஷமா நீயா?"

"யாருமே எடுக்காம உட்கார்ந்திருந்தா எனக்குப் பிடிக்காது."

"இப்பவே உங்க அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லு!"

"சொல்லலாம். அப்ப ஹில்டிங் ஏன் அழுதான்னு கேப்பான். நீ இலை செருகினதை நான் பார்த்தேன். துருவியைக்கூட நீ கழுவல. கிழங்கு சமாசாரத்தை அவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் யோசித்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிழங்கு வாசனை அடித்தது. மன்னிப்பு கேட்க வேண்டியவன் மன்னித்துவிட்டுப் போய்விட்டான். அந்த மன்னிப்பு இன்னும் வரவில்லை. இன்றிலிருந்து இவளிடமும் ஒன்று வர வேண்டியிருக்கிறது.

"என்கிட்ட ஒரு மன்னிப்பாவது கேளுடி" என்றான்.

"கேட்டாப் போச்சு. முதல்ல இங்க வா, காலர் கோணலா இருக்கு" என்று அருகில் இழுத்துச் சரிசெய்துவிட்டு, குன்வோர் தூங்கப் போனாள்.

ஹில்டிங் குனிந்து பார்த்தான். க்ரீம்.