துவக்குக் கேட்டவன் மருத மரத்தில்

துவக்கு வாங்க ஆசைப்படுகிறவனுக்கு மரம் ஏறத் தெரிந்திருக்கக் கூடாது. எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் வினை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கட்டாரில் வேலையில். கிரான் ஊரில் எங்கள் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கிய காட்டுப்பன்றிகள் அக்காவின் வயலைக் கிண்டிக்கொண்டிருந்தன. அந்தப் போகமும் போனால் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. பன்றியைச் சுட்டுப் பயிர் காக்க ஒரு துவக்கு வேண்டும் என்று நானே விண்ணப்பம் போட்டேன். (அதற்காக மீசை வேறு வளர்த்தேன். எங்கள் வீட்டுப் பூனைக்கு என்னைவிட நல்ல மீசை!)

சேதத்தைப் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். அக்கா மண்வெட்டியோடு வேலியோரம் நின்றாள். நான் வரம்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"ஒரு பண்டி வரட்டும் சேர், வெறுங்கையால மடக்குவன்."

"வயசென்ன?"

"இருவது நடக்குது."

"வயசு காணாது தம்பி, சட்டம் விடாது. காணி ஆர்ர பேரில?"

"அக்காட சீதனக் காணி."

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான். ஆண்பிள்ளைக்கு மீசைதான் முதுசச் சொத்து.

அந்த நேரம் பார்த்துப் பற்றைக்குள் இருந்து ஒரு பன்றி பாய்ந்து வந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது மருத மரத்தின் உச்சிக் கிளைதான். சேரின் தோளில் கால் வைத்துத்தான் ஏறினேன் என்று அக்கா இன்றும் சத்தியம் பண்ணுகிறாள். (இருக்கலாம். அவர் சேற்றுக்குள் கிடந்தது உண்மை.)

அக்கா அசையவில்லை. வேலியில் தொங்கிய தகரத்தில் மண்வெட்டிப் பிடியால் போட்டு அடித்தாள்.

"போ சனியனே! நான் விதைச்சது உனக்கில்ல!"

பன்றி வந்த வழியே திரும்பி ஓடியது. சேர் எழுந்து, சேற்றை வழித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"தம்பி, இறங்காத. அங்க இருந்தே சொல்லு. அக்காக்கு வயசு எத்தின?"

"முப்பது சேர்."

"அப்ப சரி."

அனுமதி அக்காவின் பெயரில் வந்தது. அவள் வானத்தைப் பார்த்துத்தான் வெடி வைப்பாள். பன்றிகளுக்கு அதுவே போதும். அந்த வயல் நெல்லில்தான் நான் கம்பஸ் படித்துப் பட்டம் வாங்கினேன். அவளுக்கு நான் பட்ட கடனுக்கு அளவில்லை. அந்தச் சேரையும் சட்டத்தையும் நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது. அன்று என் கையில் துவக்கு இருந்திருந்தால், நான் மரம் ஏறுகிற அவசரத்தில் வெடி தவறி, பன்றி தப்பியிருக்கும், சேர் தப்பியிருக்க மாட்டார்.

இப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. போன மாதம் அக்கா முழங்கால் நோகுது என்றாள். துவக்கை என் பெயருக்கு மாற்றலாமா என்று மெல்லக் கேட்டேன்.

கட்டாரிலிருந்து வந்திருந்த அத்தான் சோற்றுக் கோப்பையில் இருந்து தலை நிமிர்த்தினார்.

"அதுக்கென்ன மச்சான், மாத்துவம். பிறகு அந்த மருத மரத்துக்கும் ஒரு லைசன் எடுக்க வேணும்."