மிக்ஸி மூடிப் பெருஞ்சமர்

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சிக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மிக்ஸியைப் பையில் வைத்தான். மேலே கொஞ்சம் தக்காளி போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டினான்.

வாழ்க, அப்பூட்டைப் பூட்டிய புயவலியோன்! கசங்கிய சட்டையே மார்புக்கவசமாக, கட்டைப்பையே கேடயமாக, வாரண்டி அட்டையே வெற்றிவேலாக மாடிப்படி இறங்கிய அம்மாவீரனைப் பாட நாவாயிரம் வேண்டும். நமக்கு வாய்த்தது ஒன்றே. அவன் பகை யாதெனில், ஜாரின் வாயில் அமர்ந்தும் அமராத, இரு கையாலும் அழுத்தினாலன்றி அடங்காத, மதங்கொண்ட களிறென மேலெழும் மிக்ஸி மூடி. இரு கையும் மூடிக்குப் போனால் சுவிட்சைத் திருக மூன்றாவது கை வேண்டும். தெய்வங்களுக்குக் கைகளை வாரி வழங்கிய படைப்பு, அவன் விஷயத்தில் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. மூடியை வெல்லாவிட்டால் இன்றும் ரொட்டிதான், நாளையும் ரொட்டிதான்.

குளிர்சாதனப் பெட்டிகள் வெண்மதில்களாக நிமிர, சலவை இயந்திரங்கள் ஒற்றைக்கண் அரக்கராய் விழிக்க, தொலைக்காட்சிகள் யாவும் ஒரே மீனை நீந்தவிட்ட அப்பேரங்காடியுள் புகுந்து, சர்வீஸ் கவுண்டர் என்னும் உட்கோட்டையை அடைந்தான். அங்கே காவல் பூண்ட நங்கை குறை கேட்டாள், தக்காளியை ஜாரிலிட்டாள், இரு கரத்தையும் மூடிமேல் பதித்தாள். கழுத்துப்பட்டை தரித்த கொற்றவராகிய மேனேஜர் அருகிருந்து சுவிட்சைத் திருகினார். இடியென முழங்கியது மிக்ஸி. மூடியோ பரம சாதுவாக இருந்தது.

"நல்லாத்தானே சார் ஓடுது?" என்றார் மேனேஜர்.

"நீங்க ரெண்டு பேர் ஓட்டுறீங்க."

"வீட்லயும் அப்படியே ஓட்டுங்க. இத்தனை நாள் எப்படி ஓட்டினீங்க?"

"மூடி அவ. சுவிட்ச் நான்."

"அப்புறமென்ன? இன்னிக்கு மட்டும் வீட்டம்மாவுக்குக் கை வலிக்குதாமா?"

"அவ போயிட்டா."

"ஊருக்கா?"

"இல்ல."

மீன் நீந்திக்கொண்டிருந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நகரும்மா, நானே பாக்கிறேன்" என்று இடக்கையை மூடியிலும் வலக்கையைச் சுவிட்சிலும் வைத்தார்.

எழுந்தது காண் மூடி! கூண்டுடைத்த வேங்கையென, நாணறுத்த கணையென, கூரை விளக்கை முட்டி மீண்டது; அதன் பின்னே செங்குருதிப் பிரளயமெனத் தக்காளி பொங்கி, கவுண்டரை மூழ்கடித்து, கணினித் திரையைச் சிவப்பித்து, மேனேஜர் அன்று காலைதான் இஸ்திரி போட்ட வெண்சட்டையில் அந்திவானம் எழுதி, குக்கர் விலை கேட்க வந்த அப்பாவி ஒருவரின் வழுக்கையிலும் வீரத்திலகம் இட்டு ஓய்ந்தது.

புறமுதுகு காட்டாது நெஞ்சிலே தக்காளி ஏந்திய அப்பெருந்தகை, இமையில் வழிந்த சாற்றைத் துடைத்தபடி முரசறைந்தார்: "புது ஜார் எடுத்துக் குடும்மா. மூடியை நல்லாப் பாத்துக் குடு."

"சரி சார். மூக்குல விதை ஒட்டியிருக்கு சார்."

"தெரியும்மா. நீ போ."

சங்கு முழங்காமல், பூமழை பொழியாமல் வாகை சூடி வீடு வந்தான். புது மூடி டக்கென்று அமர்ந்தது. ஒரு கையாலேயே அடங்கியது. மிக்ஸி ஓடியது. காவிய நாயகியர் உயிர் பிரியும் வேளையில் பொன்மொழி உரைப்பதே மரபு. அதனால் கேட்ட உறவினரிடமெல்லாம், எல்லாரையும் வாழ்த்திவிட்டுப் போனாள் என்றே அவன் சொல்லிவந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"அந்த மிக்ஸி மூடி ஒரு ஆளுக்கு நிக்காது, போய் மாத்திடு."