பெண் பார்க்க வந்த பவளப்பாறை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14.8.1995

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் இராமலிங்கம் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் தம்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கிள்ளானில் அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கு நானும் இராஜம்மாவும் ஏதோ இருக்கிறோம். உங்கள் மருமகள், எங்கள் பெண் சீதாலெட்சுமி மட்டும் மிக மிக நலம். அதுதான் எங்கள் கவலை.

அவள் தியோமான் தீவில் பவளப்பாறைகளைக் காக்கும் குழுவில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். நேற்று காப்பாரிலிருந்து சின்னையா என்பவர் தம் மகன் வாசுவோடு அவளைப் பெண் பார்க்க வந்தார். பெண்ணுக்குக் கடல் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, பழத்தட்டோடு பூக்கோசு மாதிரி ஒரு பெரிய பவளப்பாறைத் துண்டையும் ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். காப்பியோடு வந்தவள் தட்டைக்கூட வைக்காமல், "இது எங்க கிடைச்சது அங்கிள்?" என்றாள். "தீவுக்குப் போனப்ப படகுக்காரன உடைச்சுத் தரச் சொன்னேன்மா. நல்ல கல்லு லா!" என்று அவர் பெருமையாகச் சொல்ல, "கல்லு இல்ல அங்கிள், உயிரோட இருந்தது. இவ்வளவு பெரிசா வளர எத்தனையோ வருஷம் ஆகும்" என்று ஆரம்பித்தாள் பாருங்கள் மச்சான், நங்கூரம் போட்டு நொறுக்குவது, காட்டை வெட்டிச் சேற்றைக் கடலில் விடுவது, அறுந்த வலை சிக்குவது என்று காப்பி ஆறும்வரை ஓயவில்லை, நான் கண்ணைக் காட்டினேன், இராஜம்மா இருமினாள், ஒன்றும் பலிக்கவில்லை. அந்தப் பையனாவது சும்மா இருந்திருக்கலாம். "தீவுல நான் பாறை மேல ஏறி நின்னு போட்டோ எடுத்தேன், அதுவும் தப்பாங்க?" என்றான். "செருப்போடவா?" என்று இவள் குனிந்து பார்த்தாள். பெண் பார்க்க வந்தவன் காலைப் பெண் பார்த்தது நம் வம்சத்திலேயே இதுதான் முதல்.

சின்னையா பலகாரத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார். இவளோ, "வாசு தப்பான்னு கேட்டாருல்லப்பா, நல்ல மனுஷன்" என்கிறாள். ஆகையால் மச்சான், நீங்கள் உடனே காப்பாருக்குப் போய் நயமாகப் பேசுங்கள். எங்கள் பெண் கரையில் இருக்கும்போது சாது என்று சொல்லுங்கள். தாலி ஏறும்வரை பவளப்பாறை பற்றிப் பேசக்கூடாது என்று தாய்மாமன் முறையில் அவளையும் கண்டித்து வையுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கவும், எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கவும் முருகனை வேண்டும்,
தம்புசாமி

பி.கு.: காப்பாருக்குப் போகவேண்டாம். அவளையும் கண்டிக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும்போது சின்னையாவே போன் செய்தார். "பொண்ணு ஏசினாலும் நியாயமாத்தான் ஏசிச்சு. பாறையில சிக்கின வலையெல்லாம் எடுக்க வாசு அதுகூடப் போறானாம். நானும் போறேன், நீங்களும் வாங்க" என்றார். எனக்கு நீச்சல் தெரியாதே என்றேன். "அதனால என்ன, படகுல உக்காந்து வலையைச் சுருட்டுங்க சம்பந்தி" என்றார். சம்பந்தி என்றே சொன்னார், மச்சான்!